மங்களம் வீட்டு மீகூன்

“இந்த அக்காவுக்கு நெஞ்சுல ஈரமே இல்லலா,” என்று பவித்ரன் தினேஸ்வரியின் காதில் கிசுகிசுத்தான். “மவன் போய் ஒரு வருஷம்கூட ஆவல. மீகூன் பிரட்டிக்கிட்டு இருக்கு!”

தினேஸ்வரி கேள்வித்தாளை எடுத்து மடியில் வைத்தாள்.

தற்கொலையில் பிள்ளைகளை இழந்த பெற்றோரைப் பற்றி, பல்கலைக்கழகத்துக்காக இருவரும் ஆய்வு செய்கிறார்கள். கேள்வி கேட்பது அவள். கார் ஓட்டுவது, பதிவு செய்வது, குறை சொல்வது எல்லாம் பவித்ரன். மலேசியாவின் ஆயர் தாவார் பக்கம், ரப்பர் போய் செம்பனை வந்துவிட்ட இந்தத் தோட்டத்தில் ராமையா வீடும் கலாதேவி வீடும் முடிந்து, அவர்கள் கேட்க வேண்டிய கடைசி வீடு இதுதான்.

மங்களம் தட்டோடு வந்தாள்; நூல் போன்ற அரிசி மீகூன், ஓரத்தில் காரமான மிளகாய்ச் சம்பல்.

“அக்கா, உங்க மகன் தீபனப் பத்தி...” தினேஸ்வரி பேனாவைத் திறந்து, மறுபடி மூடினாள்.

“அது கெடக்கட்டும். சம்பல் போதுமாம்மா?”

மறுபடி கேட்டபோது தீபாவளிக்கு ஈப்போவில் புடவை வாங்கிய கதை வந்தது. அதற்கப்புறம், பக்கத்து வீட்டுச் சேவல் போலீஸ்காரரைத் துரத்திய கதை. மங்களம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தினேஸ்வரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தட்டு காலியாகி, இன்னொரு தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

பவித்ரனுக்குத்தான் எரிச்சல். ரிக்கார்டரில் சேவல் மட்டும்தான் இருந்தது.

தினேஸ்வரி எழுந்து பேசாமல் செருப்பை மாட்டினாள். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. எல்லா வீட்டிலிருந்தும் அவள் அப்படித்தான் வந்துகொண்டிருந்தாள்.

“என்னாம்மா, சொல்லிக்காம போறே? போயிட்டு வாரேன்னு சொல்லு.”

“இல்லக்கா... இந்த வீட்டுல...”

“இன்னைக்கு நீ விருந்துக்கு வந்திருக்கே. சொல்லு.”

“போயிட்டு வாரேன்க்கா.” சொன்னதும் அவள் முகமே லேசாகிவிட்டது. காருக்கு நடந்தாள்.

பவித்ரன் பின்தங்கினான். “என்னாக்கா நீங்க? இவ்ளோ தூரம் வந்தோம். பெத்த புள்ளயப் பத்திச் சொல்ல ஒன்னுமே இல்லயா?”

மங்களத்தின் சிரிப்பு நின்றது.

“நெறய இருக்கு தம்பி. ராமையா அண்ணன் வீட்டுல கேட்டுட்டு, அந்தப் பொண்ணு கோயிலுக்குப் பின்னால நின்னு அழுதுச்சாம். கலாதேவி சோறு போட்டா, பெசஞ்சு பெசஞ்சு அப்படியே வச்சிருச்சாம். அவங்கெல்லாம் மனசு பாரத்த அதுகிட்ட சொல்லி எறக்கிட்டாங்க. அது எங்க கொண்டுபோய் எறக்கும்?”

கூடவே காரில் வந்த பவித்ரன் இதில் ஒன்றைக்கூடக் கவனித்ததில்லை. தலை குனிந்தது.

“அது கொஞ்சம் தேறட்டும். அப்புறம் கூட்டிட்டு வாங்க, எல்லாத்தையும் சொல்றேன்.”

அவள் கண்கள் காரையே பார்த்துக்கொண்டிருந்தன.

“தீபனும் இப்படித்தான் சோத்தப் பெசஞ்சு பெசஞ்சு வச்சான். அப்ப எனக்குத் தெரியல, தம்பி.”