பிரஸ் பட்டன்

"இந்தக் கந்தலை இன்னும் எதுக்குப்பா வெச்சிருக்கீங்க? தரை துடைக்கவாச்சும் ஆகும்."

"கையை வெச்சே, பாரு! உங்கம்மா தைச்சுக் குடுத்தது." சட்டையை மகளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, ஆயிரமாவது தடவையாகக் கதையை ஆரம்பித்தார் அப்பா.

அம்மா அப்போது தையல்கடை வைத்திருந்தாள். பட்டனெல்லாம் தெறித்துப்போன சட்டையோடு மாதம் தவறாமல் போய் நிற்பார் அவர்.

"முள்வேலியில மாட்டிக்கிச்சுங்க."

"போன மாசமும் அதே வேலிதானா?"

மூன்றாவது மாதம், கேட்காமலே பிரஸ் பட்டன் வைத்துத் தந்தாள். "இழுத்தா டக்குனு கழண்டுக்கும். சட்டை கிழியாது."

அவருக்கு வியர்த்துவிட்டது. அவள் தன் சட்டைக் கையைத் திருப்பிக் காட்டினாள். அங்கேயும் பிரஸ் பட்டன்!

"பௌர்ணமியானா எனக்கும் வால் முளைக்கும். நீங்க தெருமுனை திரும்பும்போதே மோப்பம் பிடிச்சுட்டேன். ஓநாய்க்கு ஆயுசுக்கும் ஒரே ஜோடிதாங்க. இத்தனை நாள் எங்க போயிருந்தீங்க?"

சொல்லி முடித்து, அப்பா சட்டையைத் தடவிக்கொண்டார். மகள் சட்டையை மெல்ல வாங்கி, மடித்தபடியே கேட்டாள்.

"அம்மாகிட்ட பிரஸ் பட்டன் மிச்சமிருக்குமாப்பா?"

"எதுக்கும்மா?"

"எங்க ஆபீஸ்ல ஒருத்தர்... மாசா மாசம் அவர் சட்டை முள்வேலியில மாட்டிக்குதாம்."