நாற்பத்திரண்டு டிகிரி

"நாற்பத்தொண்ணு புள்ளி ஒன்பது. இவ்வளவு காய்ச்சல் இருந்தா ஆள் நினைவு தப்பிக் கிடக்கணும், நகுமோ. நீ கண்ணாடி பார்த்து முடியைச் சரி பண்ணிக்கிட்டிருக்கே."

பள்ளி மருத்துவ அறைக் கட்டிலில் கிடந்த மாணவி நகுமோ இருமினாள். இருமல் கொஞ்சம் தாமதமாக வந்தது.

நர்ஸ் ஹதானோ டீச்சர் போர்வைக்குள் கைவிட்டு, குளிருக்காகச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சூட்டுப் பையை வெளியே எடுத்தார்.

"மன்னிச்சிடுங்க டீச்சர். வகுப்புல எட்டு பேருக்கு ஃப்ளூ. ஒன்பது ஆனா மூணு நாள் வகுப்பையே மூடிடுவாங்கல்ல? நாளைக்கு உயிரியல் டெஸ்ட். ஒளிச்சேர்க்கையில இலைக்குள்ள என்ன நடக்குதுன்னு எங்க யாருக்கும் தெரியாது. சீட்டுக் குலுக்கினோம், என் பேர் வந்துது."

கதவு நகர்ந்தது. உயிரியல் ஆசிரியர் குராமோச்சி சார். இருபத்தாறு வருடமாக ஒரு நாளும் விடுப்பு எடுக்காதவர். அதற்கான சான்றிதழைச் சட்டம் போட்டுத் தன் மேசைக்கு மேலேயே மாட்டியிருப்பவர்.

"எட்டுதானா, ஒன்பதாயிடுச்சா?"

"எட்டுதான் சார். இவளுக்கு வந்தது பொய்க் காய்ச்சல்."

"அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது. அறிவியல்னா இன்னொரு தடவை அளக்கணும்."

ஹதானோ மறுபடி அளந்தார். முப்பத்தாறு புள்ளி நாலு.

"மூணாவது தடவை?"

"சார், அவ நல்லாத்தான் இருக்கா."

குராமோச்சி பெருமூச்சு விட்டார். உலகத்தின் நேர்மையின்மை அவரை வாட்டியது போலிருந்தது.

"ஒழுக்கமா இருக்கறவனைக் கிருமி அண்டாது, நகுமோ. என்னைப் பாரு."

"அது கிருமிக்குத் தெரியுமா சார்?"

"நாளைக்கு டெஸ்ட் உண்டு. கேள்வி எல்லாம் கஷ்டமாத்தான் இருக்கும்."

உண்மையாகவே தலை வலிப்பதாக நகுமோ முனகினாள். ஹதானோ ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார். சப்பினாள். இரண்டே நிமிடத்தில் வலி போய்விட்டதாம்.

"எலுமிச்சை மிட்டாய்தான் அது," என்றார் ஹதானோ.

"பார்த்தியா? போலி மாத்திரை," என்று குராமோச்சி பாடத்தைத் தொடங்கிவிட்டார். "புது மருந்தைச் சோதிக்கறப்ப பாதிப் பேருக்கு இந்த மாதிரிதான் குடுப்பாங்க. உடம்பையே ஏமாத்திடும் மனசு. ஆனா தெர்மாமீட்டரை யாரும் ஏமாத்த முடியாது." பிறகு சூட்டுப் பையை எடுத்துக்கொண்டார். "இது சாட்சிப் பொருள். என்கிட்ட இருக்கட்டும்."

மாலை நாலு மணி. பனி கொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் போய்விட்டார்கள். ஹதானோ விளக்கை அணைக்கப் போனபோது கதவு மெதுவாக நகர்ந்தது.

கழுத்தைச் சுற்றி மஃப்ளர். மெலிந்த குரல். குராமோச்சி சார்தான்.

"டீச்சர், உடம்பு அனலாக் கொதிக்குது. இருபத்தேழாவது வருஷத்துல முதல் லீவு போட வேண்டியதாயிடும் போலிருக்கு. டெஸ்டை அடுத்த வாரம் வச்சுக்கலாம்."

தெர்மாமீட்டரைக் கொடுத்துவிட்டு ஹதானோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பீப் என்றது. வாங்கிப் பார்த்தார்.

நாற்பத்திரண்டு.

ஹதானோ உள்ளங்கையை மட்டும் நீட்டினார். குராமோச்சி வெளியே விழும் பனியைப் பார்த்தார். பிறகு கோட்டுக்குள் கைவிட்டுச் சூட்டுப் பையை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

"கேள்வித்தாள் இன்னும் ஒரு வரிகூட எழுதலையா சார்?"

குராமோச்சி மஃப்ளரை அவிழ்த்தார். ஹதானோ அவர் கையில் ஒரு எலுமிச்சை மிட்டாயை வைத்தார்.

"இதைச் சப்பிக்கிட்டே உக்காந்து எழுதுங்க. முதல் கேள்வியை நான் சொல்றேன்: நாற்பத்திரண்டு டிகிரியில மனுஷ உடம்புக்கு என்ன ஆகும்?"