பாலாற்று மணலில் மஞ்சள் கரிசலாங்கண்ணி

ஆம்பூரை ஒட்டிய பாலாற்று மணலில் மஞ்சள் பூக்கள் படர்ந்திருந்தன. தாவரவியல் ஆசிரியை சோபனா குனிந்து சொரசொரப்பான இலையைக் கசக்கி முகர்ந்தாள்.

“மஞ்சள் கரிசலாங்கண்ணிதாங்க.”

“அது தண்ணியோரம் வர்ற செடினு நீதானே சொன்ன? ஆறு வத்தி எவ்ளோ வருஷமாச்சு! வேற இன்னாவோ பூ,” என்றான் கரையில் நின்ற கணவன் செந்தில்குமார்.

அவள் விடவில்லை. இங்கே அந்தச் செடி உண்டென்று காட்டினால், ஆறு இன்னும் சாகவில்லை என்று சொல்லி, தோல் பதனிடும் ஆலைகள் கழிவைக் கொட்டுவதைத் தடுக்கலாம். வேரோடு பிடுங்கினாள். காய்ந்த மணல் உதிர்ந்தது. முழங்கை ஆழம் தோண்டியும் ஈரமில்லை. செடியைப் பையில் வைத்துக்கொண்டு கரையேறினாள்.

“எங்க எறங்குன நீ?”

புடவை முழங்கால்வரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. கொசுவத்தைப் பிழிந்தாள். விரலளவு மீன் ஒன்று மணலில் விழுந்து துள்ளியது.

சோபனா குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து அதை உள்ளே விட்டாள்.

“இது இன்னா மீனுனும் பாத்துடணுங்க.”