ஐந்து மடிப்பு

மழை எட்டிப்பார்க்காத விளாத்திகுளத்தில் மகளுக்கு மழைக்கோட்டு வாங்கிய ஒரே மனிதர் சுயம்புலிங்கம்தான். எட்டு வயது மாரீஸ்வரிக்குப் பெரிய பெண்கள் போடுகிற அளவில் வாங்கி வந்தார். மனைவி சிவகாமி முறைத்ததற்கு, "வளர்ற புள்ளதான, இருக்கட்டும்" என்றார். செருப்பு, பாவாடை, சைக்கிள் எல்லாவற்றுக்கும் அவர் வைத்திருந்த பதில் அது ஒன்றுதான்.

கோட்டு ஒருமுறைகூட நனைவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சிவகாமி மகளைக் கூட்டிக்கொண்டு வால்பாறையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அங்கே மழை நின்றால்தான் செய்தி.

கோட்டின் கைகளை ஐந்து மடிப்பு மடித்துவிட்டும் மாரீஸ்வரி அதற்குள் காணாமல் போனாள். பள்ளிக்கூட வாசலில் டீச்சர் குனிந்து, "உள்ள யாரு?" என்று விசாரித்த பிறகே வகுப்புக்குள் விட்டார். ஒருநாள் கூடாரம் என்று நினைத்து ஒரு தெருநாய் ஒண்ட வந்தது.

வருஷத்துக்கு ஒரு மடிப்பாக அம்மா பிரித்துவிட்டாள். பதின்மூன்று வயதில் கடைசி மடிப்பும் பிரிந்தது. கை சரியாக மணிக்கட்டில் வந்து நின்றது.

"அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு" என்றார் மாமா. "அடுத்த வருஷம் புதுசு வாங்கிரலாம்."

மறுநாள் கொட்டுகிற மழையில், கோட்டின் கைகளை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு மாரீஸ்வரி பள்ளிக்கூடம் கிளம்பினாள்.

"ஏட்டி, கை நனையுது."

"என்ன செய்ய? இன்னும் பெருசாத்தாம்மா இருக்கு."

அம்மா அவளைக் கிட்ட இழுத்து, சுருட்டியதைப் பிரித்தாள். பிறகு, ஒவ்வொரு மடிப்பாக ஒழுங்காக மடித்துவிட்டாள்.