சுக்குக் கிடங்கின் மாடியில் ஒரு சர்வர்

கொச்சியில், மட்டாஞ்சேரிச் சுக்குக் கிடங்கின் மாடியில், 2006 ஜூன் மாத மதியம் ஒன்றில், மழையில் கரண்ட் போகிறது. பொன்மணியும் ஷைலஜாவும் சேர்ந்து எழுதிய தமிழ்–மலையாள அகராதி மென்பொருள், யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து கிடப்பது, மேசைக்கடியிலிருக்கும் இந்தப் பழைய கணினியில்தான் ஓடுகிறது. யு.பி.எஸ். விடாமல் கீச்சிடுகிறது, அதன் சிவப்பு வெளிச்சம் ஈரத் தரையில் துடிக்கிறது. "இந்த மாசம் ஆறாவது தடவை. கோயம்புத்தூர் ஆனந்தகுமாருக்குத் திருத்தம் அனுப்ப முடியாம மடுத்து, வெறுத்தே போயாச்சு. இலவசமா இடம் தர்ற சைட்டுக்கே மாத்திடலாம், பொன்மணி" என்கிறாள் ஷைலஜா. "முன்னாடி அங்கதானே வச்சோம்? ஒரே ஒரு மெயில் அனுப்பிட்டு சைட்டையே மூடிட்டான். ஆளுங்க எழுதின ரெண்டு வருஷக் குறிப்பு அத்தனையும் போச்சு." பொன்மணியின் குரல், கீழே மூட்டை இறங்கும் சத்தத்துக்கு மேலே எழும்புகிறது. ஷைலஜா செல்போனை நீட்டுகிறாள். ஆனந்தகுமாரின் செய்தி: 'என்னிடமுள்ள அகராதி நகலை வைத்துத் தனியாக நடத்திக்கொள்கிறேன். மன்னியுங்கள்.' பொன்மணி இரண்டு முறை படிக்கிறாள். "நடத்தட்டும். யாரும் எடுக்கலாம்னு நாமதானே எழுதி வச்சோம்" என்கிறாள். சொல்லிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.