வளர்ந்துகொண்டிருந்த உறை

மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தின்போது சிடாம் கிரி ரப்பர் தோட்டத்து ராமையாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. வெளியே எடுத்த கண்வில்லையின் மெல்லிய உறையை ஆய்வக உதவியாளர் ஜபருல்லா கண்ணாடித் தகட்டில் பதித்து வைத்தார். மனிதர் உயிரோடிருக்கும்வரை கண்ணுக்குள் அந்த உறை அடுக்கடுக்காகத் தடித்துக்கொண்டே போகும்; தகட்டிலும் அது நிற்கவில்லை.

மறுவருடம் ரப்பர் காட்டில், துப்பாக்கிச் சண்டையில் அகப்பட்டு ராமையா இறந்தார். தோட்டத்து இடுகாட்டில் புதைத்தார்கள்.

அதன் பிறகும், நுண்ணோக்கியில் பார்க்கும்போதெல்லாம் உறையில் புதிய அடுக்கு இருந்தது.

தன் கண்ணைக் காட்ட மருத்துவமனைக்கு வந்த ராமையாவின் மனைவி நவமணியிடம் ஜபருல்லாவால் மறைக்க முடியவில்லை.

"அவரு கண்ணுத்தோலு இன்னும் வளருதுக்கா."

"எனக்குக் காட்டு லா, தம்பி."

குனிந்து பார்த்தாள். பிறகு முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள்.

"இங்கதாங்க இருக்கேன்" என்றாள், நுண்ணோக்கிக்குள் பார்த்து.