கழுத்துக்கு மேல மட்டும்

"ஏங்க, பஸ் ஸ்டாப்பு போர்டுல கடைசியா இருக்கது நீங்களா? யாரோ செங்கல் சூளையைப் படம் எடுத்துப் போட்டிருக்காவன்னுல்லா நினைச்சேன்!"

கட்டுன பொண்டாட்டி செண்பகவல்லியே இப்படிக் கேட்டா மனுசனுக்கு எப்படி இருக்கும்?

அம்மன் கோயில் கொடை விழாவுக்கு இந்த வருசம் நான் உபதலைவர். இந்தப் பதவிக்காக ஊர்ல எத்தனை பேருக்கு டீ வாங்கிக் குடுத்திருப்பேன்! ஃப்ளெக்ஸ் போர்டுல மத்தவங்க மூஞ்சியெல்லாம் பளிச்சுனு இருக்கு. என் மூஞ்சி மட்டும் கட்டம் கட்டமா உடைஞ்சு கிடக்கு. ஊர் பேரு எப்போதும்வென்றான். அங்கன தோத்துப்போன ஒரே ஆளு நான்தான்.

இதுல என் மக முத்துச்செல்வியைப் பொண்ணு பார்க்க கழுகுமலையில இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேற வாராங்க. பஸ்ஸைவிட்டு இறங்குனதும் அவிய பார்க்கப்போறது அந்தப் போர்டைத்தான்.

"பொண்ணுக்கு அப்பா யாரு?"

"அந்தா, அந்தக் கட்டம்தான்."

மானம் போகுமா, போகாதா?

கோவில்பட்டிக்கு பஸ் ஏறினேன். ஃப்ளெக்ஸ் கடை மாரிசெல்வத்தை உண்டு இல்லைன்னு ஆக்கிரணும்னுதான் போனேன்.

"ஏலே, உனக்கும் எனக்கும் என்னலே பகை?"

அவன் பதறலை. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினான். பொட்டுக்கடலை அளவுக்கு என் மூஞ்சி.

"நீங்க வாட்ஸ்அப்புல அனுப்புனது இவ்வளவுதான், அண்ணாச்சி. கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. வேற போட்டோவுல இருந்து வெட்டுனீங்களோ?"

"அது உனக்கெதுக்கு? பெருசாக்க வேண்டியதுதான?"

"புள்ளி இருந்தாத்தான பெருசாக்க முடியும்? இது ஜேபிஜி. ரொம்ப விவரமான பார்மேட்டு. சேவ் பண்ணும்போதே, இது கண்ணுக்குத் தேவையில்லைன்னு தானா முடிவு பண்ணிக் கொஞ்சத்தைக் கழிச்சிரும். நீங்க வெட்டுனதுல கொஞ்சம், வாட்ஸ்அப்பு நசுக்குனதுல கொஞ்சம்னு கழிஞ்சு கழிஞ்சு இதுதான் மிச்சம்."

"வேற எதுல இருந்தா நல்லா வரும்?"

"பிஎம்பின்னு ஒண்ணு உண்டு. அதுக்கு ஒரு விவரமும் கிடையாது. புள்ளிக்குப் புள்ளி அப்படியே வச்சிருக்கும், எதையும் விடாது. இடத்தைத்தான் அடைச்சுக்கிடும். சில பழைய ஸ்டுடியோக்காரங்க சீடியில அப்படித்தான் போட்டுக் குடுப்பாங்க. உங்ககிட்ட ஒரிஜினல் இருக்கா?"

இருந்துச்சு. ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துல நானும் என் அண்ணன் வன்னியபெருமாளும் முழு ஆளா நின்னு எடுத்த போட்டோ. நான் கண்ணைத் திறந்திருக்க ஒரே போட்டோ அதுதான். ஆனா சீடி அண்ணன் வீட்டுல இருக்கு.

அவர்கூட நான் பேசி ரெண்டு உளுந்து வெள்ளாமை முடிஞ்சுபோச்சு. காரணம்? காட்டுல உழும்போது அவர் டிராக்டர் என் வரப்பைக் கொஞ்சம் சிராய்ச்சிருச்சு. போன மண்ணை அள்ளுனா ஒரு கூடை தேறாது. ஆனா நான் விவரமான ஆளாச்சே! அண்ணன் தேவையில்லைன்னு நானே முடிவு பண்ணிக் கழிச்சிட்டேன். போட்டோவுலயும்தான்.

"தொலைஞ்சுபோச்சு"ன்னேன் மாரிசெல்வத்துகிட்ட.

"அப்ப ஒண்ணும் செய்ய ஏலாது, அண்ணாச்சி."

கெத்தா வெளிய வந்தேன். வந்த கோவத்துல மக கேட்ட கடலைமிட்டாயைக்கூட மறந்துட்டு பஸ் ஏறிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வார நாளும் வந்துச்சு. பேசாம ஒரு வேட்டியைக் கட்டிப் போர்டை மறைச்சிருவமான்னு யோசிச்சுக்கிட்டே காலையில பஸ் ஸ்டாப்புக்குப் போனா, அங்கன புதுப் போர்டு!

ஆத்தாடி, என் மூஞ்சியா அது! மீசையில முடி முடியா எண்ணலாம். கழுத்து, தோள், பட்டு வேட்டி, துண்டு எல்லாம் இருக்கு.

டீக்கடை கண்ணுசாமி எட்டிப்பார்த்து, "உபதலைவரே, மந்திரி கணக்கால்லா இருக்கீரு!"ன்னான்.

"சும்மாவா? கடைக்கே போய் ஒரு அதட்டு அதட்டுனேன்லா!"ன்னு மீசையை முறுக்குனேன்.

முறுக்கிக்கிட்டே பார்த்தேன். என் இடது தோள்ல ஒரு கை இருந்துச்சு. ஆளைக் காணோம், கை மட்டும்.

போனைப் போட்டேன்.

"ஏலே மாரிசெல்வம், போர்டு பிரமாதம். ஆனா என் தோள்ல யாரு கைலே அது? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பேய்னு பயந்துறப் போறாங்க!"

"உங்க அண்ணன் கைதான், அண்ணாச்சி. நேத்து அந்த சீடியோட வந்து கடையில உட்காந்துட்டாவ. பஸ் ஸ்டாப்புல நாலு பேரு உங்களைப் பார்த்துச் சிரிச்சது அவியளுக்குத் தாங்கலையாம். பிரிண்டு காயக்கூட விடலை. பைக்குல வச்சு அவியளே கொண்டுபோய்க் கட்டுனாவ."

டீக்கடைப் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பிக்கிட்டேன்.

"'என்னைய வெட்டி எடுத்துரு தம்பி, நான் பக்கத்துல நின்னா அவனுக்குப் பிடிக்காது'ன்னு அவியதான் சொன்னாவ. நானும் ஆளை முழுசா எடுத்துட்டேன்."

"கையை மட்டும் ஏம்ல விட்ட?"

"அதை எடுக்க முடியலை, அண்ணாச்சி. அம்புட்டு அழுத்திப் பிடிச்சிருக்காவ. எடுத்தா உங்க தோளும் சேர்ந்து வந்துருது."